கண்ணை மூடியது யாருக்காக

சரி-தால்
28 அக்டோபர் 1978

புரூலுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்ததும் தப்பாகத் தோன்றியது, வேறு தாள் எடுத்தேன். அதிலும் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். என் நிலைமை இந்த லட்சணத்தில் இருக்கிறது.

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அன்றைக்கு நீ தூங்கினாயா, தூங்கவில்லையா? இதற்குப் பதில் தெரியாமல் எனக்கு மண்டை காய்கிறது. நேற்று ஒருவருக்குச் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லில் துளை போடப் போனேன். நல்லவேளை, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பக்கத்தை ஒருமுறை குறுக்கே பேசாமல் கேள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, எனக்கு அது ஒன்றுதான் இதில் வசதி.

குளிர்காலத்தில் பனியில் மலைக் கணவாய் மூடினால் நம் ஆஸ்பத்திரிக்கு மருந்து வராது, ஆகையால் மரத்துப்போகிற ஊசி இல்லாமல் பல் பிடுங்க ஹிப்னாடிசம் கற்றுக்கொண்டு வா என்று ஃப்ரூன்ஸே பட்டணத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஆறு வாரம் படித்தேன். அங்கே பேராசிரியர் கையை உயர்த்தினால் முன்வரிசை முழுக்கத் தலை தொங்கும். நான் ஊருக்கு வந்து முதலில் லாரி டிரைவர் ஜோல்டோஷ் அண்ணனை உட்கார வைத்துப் பளபளக்கிற கரண்டியைக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்துவிட்டது. அடுத்து கொதிகலன் அறைக்காரர். நான் ஒன்று என்று எண்ணத் தொடங்குவதற்குள் குறட்டை விட்டார், இரண்டு மணி நேரம் எழுப்ப முடியவில்லை. அவர் வாயிலிருந்து வந்த வாடையில் அது என் கைவரிசை இல்லை என்று எனக்கே புரிந்தது.

பிறகுதான் ஒமுர்சாக் பெரியவர் வந்தார். கண் மூடச் சொன்னேன், மூடினார். கை கனக்கிறது என்றேன், கையைத் தொங்கவிட்டார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன், அந்த மனிதர் ஒரு முனகல் முனகவில்லை. அவருக்குப் பின் இன்னும் ஐந்து பேர், எல்லாம் வயதானவர்கள், எல்லாரும் தூங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியருக்குக் கடிதம்கூடப் போட்டேன்.

ஊரே தூங்குகிறது, என் வீட்டுக்காரி மட்டும் தூங்க மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு ஒரு பிடிவாதம். எட்டுச் சாயங்காலம் உன்னை உட்கார வைத்தேன். ஒன்பதாம் நாள் உன் இமை மூடியது. மூச்சு மெதுவானது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் கேட்கச் சொல்லியிருக்கிறது, மேய்ச்சல் நிலம், ஆற்றங்கரை என்று எதையாவது சொல்வார்களாம். நீ “பஸ்ல” என்றாய். எங்கே போகிறாய் என்றேன். “ஃப்ரூன்ஸேக்கு” என்றாய். கூட யார் என்றேன். யாரும் இல்லை என்றாய். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டது என் தப்பு. நீ ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “திரும்பி வரல” என்றாய்.

நான் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். கத்தினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ உடனே கண்ணைத் திறந்து, “நான் தூங்கவே இல்ல, சும்மா நடிச்சேன்” என்றாய். மூன்றாம் நாள் பெட்டியோடு கிளம்பிவிட்டாய்.

தூங்கினாய் என்றால் உன் மனதில் இருப்பது அதுதான். தூங்கவில்லை என்றால் ஏன் அப்படிச் சொன்னாய்? எனக்கு இரண்டுமே தாங்கவில்லை. ஆனாலும் எது என்று தெரிய வேண்டும். ஜோல்டோஷ் அண்ணன் கையில் பதில் கொடுத்து அனுப்பு.

தெமிர்குல்


ஃப்ரூன்ஸே
5 நவம்பர் 1978

டாக்டர் தெமிர்குல் அவர்களுக்கு,

தூங்கவில்லை. தூங்கவில்லை. தூங்கவில்லை. மூன்று முறை எழுதிவிட்டேன், போதுமா?

அங்கே பகல் முழுக்க நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன். அடுப்பில் சூப் இருக்கிறது, திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகம் குவிந்து கிடக்கிறது. நீங்கள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் வெள்ளைக் கோட்டு, என் எதிரே நின்றுகொண்டு, “உன் இமைகள் ஈயம் போல் கனக்கின்றன” என்று யாரோ ஒருவருடைய குரலில் சொல்கிறீர்கள். எட்டு நாள் பார்த்தேன். ஒன்பதாம் நாள் உங்கள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சூப்பும் ஆறிக்கொண்டிருந்தது. சரி, மூடித் தொலைப்போம் என்று மூடினேன். இதுதான் நீங்கள் செய்த ஹிப்னாடிசம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், உங்கள் கடிதத்தில் ‘ஊரே தூங்குகிறது’ என்ற வரியைப் படித்ததும் பொறுக்க முடியவில்லை. ஊரில் ஒருவரும் தூங்கவில்லை. ஒமுர்சாக் பெரியவரின் வீட்டம்மா ரொட்டிக் கடை வரிசையில் என்னிடம் சொன்னார். “இருபது தடவ கண்ண மூடு மூடுன்னு சொல்றான் பாவம் புள்ள. மூடலன்னா அவன் மொகத்த எங்க வச்சுக்குவான்?” என்று பெரியவர் வீட்டில் சொன்னாராம். உயிர் போகிற வலியாம். மற்றக் கையைக் கோட்டுப் பையில் விட்டுத் தொடையைக் கிள்ளிக்கொண்டாராம். மற்ற ஐந்து பேரும் அவரிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்தார்கள். டாக்டர் பையனைக் கூச்சப்பட வைக்கக்கூடாது என்று தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இது ஊரில் உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். எனக்குச் செப்டம்பரிலிருந்தே தெரியும்.

திரும்பி வருவேனா என்று கேட்காதீர்கள். ஹெட்மாஸ்டர் டிசம்பர் முடிய லீவு கொடுத்திருக்கிறார். இங்கே அக்கா வீட்டில் வெந்நீர் குழாயில் வருகிறது.

புரூல்


சரி-தால்
14 நவம்பர் 1978

புரூல்,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வாசலில் நின்று படித்தேன். படித்து முடித்ததும் உள்ளே போகாமல் படியில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வந்து இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்றாள். நாளைக்கு வரச் சொல் என்றேன்.

செப்டம்பரிலிருந்தே தெரியுமா உனக்கு? தெரிந்தும் ஒவ்வொரு ராத்திரிச் சாப்பாட்டின்போதும் நான் இன்றைக்கு இவர் தூங்கினார், அவர் தூங்கினார் என்று அளந்துகொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா? கோபப்பட வேண்டும் என்று பார்க்கிறேன், கோபம் வரவில்லை. வெட்கம்தான் வருகிறது.

நேராக ஒமுர்சாக் பெரியவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் வந்தது, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி வந்தது, இரண்டையும் தொடாமல் கேட்டேன். அவர் தாடியை நீவினார். பிறகு சொன்னார்:

“தூங்கலப்பா. உன் நெத்தியெல்லாம் வேர்வ. குரல் வேற நடுங்குது. பட்டணம் போயி படிச்சிட்டு வந்த புள்ள, நம்ம ஊருக்குன்னு வந்திருக்கான். தூக்கம் வரலன்னு நான் எப்படி உன்கிட்ட சொல்றது?”

வலித்ததா என்றேன். வலித்தது என்றார். வலிக்கிறதா என்று நான் அப்போது கேட்டேனே, இல்லை என்றீர்களே என்றேன். நீ ஆசையாகக் கேட்டாய், இல்லை என்றேன் என்றார். அதோடு விட்டாரா? நான் எழுந்தபோது கையைப் பிடித்து, “இன்னொரு பல்லு ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. வேணும்னா அத எடு. இந்த வாட்டி நெசமாவே தூங்கப் பாக்கறேன்” என்றார்.

வெளியே வந்து லாயத்தில் நம் குதிரைப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. ஆறு பேர். ஆறு பேருக்கு மரத்துப்போகிற ஊசி போடாமல், தூங்குகிறார்கள் என்று நம்பி இடுக்கியைப் போட்டு இழுத்திருக்கிறேன். அப்போது அலமாரியில் ஊசி இருந்தது, புரூல். மருந்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு.

ஆனால் இன்னொரு குழப்பம். மற்ற ஐந்து பேரையும் கேட்டேன். நான்கு பேர் நடித்தோம் என்றார்கள். சேணம் தைக்கிற கிழவி மட்டும், நடிக்கத்தான் போனேன், பாதியில் என்ன ஆயிற்று என்று தெரியாது, வலி தெரியவில்லை என்கிறாள். இது நிஜமா, இல்லை என் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஆறுதலா? சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தாள். அவள் எனக்காகப் பொய்ச் சத்தியமும் செய்வாள். இந்த ஊரில் யார் சொல்வதையும் இனி எப்படி நம்புவது?

ஹிப்னாடிசத்தை மூட்டை கட்டிவிட்டேன். கரண்டியைச் சமையலறையில் போட்டுவிட்டேன். இருக்கிற ஊசி ஒரு பெட்டி, அது வருகிற வரைக்கும் வரட்டும்.

நீ தூங்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் திரும்பி வரமாட்டேன் என்று சொன்னது விழித்திருந்த புரூல். அதற்கு நீ பதில் எழுதவில்லை. வெந்நீர்க் குழாயைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

தெமிர்குல்


ஃப்ரூன்ஸே
22 நவம்பர் 1978

அன்புள்ள தெமிர்குல்,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு நான் அடிக்கவில்லை, பாருங்கள்.

போன கடிதத்தை அனுப்பிய மறுநாளே ஜோல்டோஷ் அண்ணனைத் தேடி லாரி நிற்கிற இடத்துக்கு ஓடினேன், திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று. அவர் போய்விட்டிருந்தார். ஒமுர்சாக் பெரியவரின் விஷயத்தை அப்படி எழுதியிருக்க வேண்டாம். அது உண்மைதான், ஆனால் உங்களுக்கு வலிக்க வேண்டும் என்றே எழுதினேன்.

நான் உங்களிடம் செப்டம்பரிலேயே ஏன் சொல்லவில்லை? நீங்கள் சாப்பிடும்போது முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொல்ல வாய் எடுப்பேன், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன். அப்புறம் யோசித்தால் நானும் அந்தக் கிழவர்கள் செய்ததைத்தான் செய்திருக்கிறேன். ஒன்பதாம் நாள் மட்டும் இல்லை, கல்யாணமான இரண்டு வருஷமாக.

இனி உங்கள் கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை, அதனால்தான் குழாயைப் பற்றி எழுதினேன். நான் நடிக்கத்தான் கண்ணை மூடினேன், அதில் சந்தேகம் இல்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் மேய்ச்சல் நிலம், குதிரைக் குட்டி என்று ஏதாவது அழகாகச் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்தலாம் என்று தயாராக வைத்திருந்தேன். நீங்கள் கேட்டீர்கள். வாயைத் திறந்தேன். பஸ் என்று வந்தது. நான் திடுக்கிட்டுப் போனேன், தெமிர்குல். அடுத்ததாவது ஒழுங்காகச் சொல்வோம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. கடைசிக் கேள்விக்கு நான் பேசாமல் இருந்ததே வேறு ஏதாவது சொல்லலாமா என்று தேடியதால்தான். கிடைக்கவில்லை. நடிக்கிறவளுக்கு இப்படி நடக்குமா? சேணம் தைக்கிற கிழவி பாதியில் என்ன ஆயிற்றென்று தெரியாது என்றாளே, நான் அவளை நம்புகிறேன்.

அக்கா கானிஷா சொல்கிறாள், அது எல்லாம் ஒன்றும் இல்லை, உனக்கு மலை சலித்துவிட்டது, இங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை காலி இருக்கிறது, கையெழுத்துப் போடு என்று. ஜனவரியிலிருந்து வேலை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒன்று தோன்றியது, எழுதுகிறேன். நம் இரண்டு வருஷத்தில், சாப்பிட்டாயா, அடுப்பில் கரி இருக்கிறதா என்பதைத் தவிர நீங்கள் என்னை எதுவும் கேட்டதில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் நான் தூங்குகிறேன் என்று நினைத்த பிறகு.

மூட்டை கட்டாதீர்கள். உங்கள் தொழிலைப் பற்றி எனக்கு என்ன தெரியும், ஆனால் எட்டு நாள் எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான். உங்களுக்குக் கை வராமல் இல்லை. நீங்கள் பேராசிரியரின் குரலில் பேசுகிறீர்கள். லாடம் அடிக்கும்போது நம் குதிரையிடம் ஒரு குரலில் பேசுவீர்களே, அதைக் கேட்டு நான் வாசற்படியிலேயே கண் அசந்திருக்கிறேன். அந்தக் குரலை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில்லை? நின்றுகொண்டு பேசாதீர்கள். அதைவிட முக்கியம், கண் மூடாவிட்டால் எனக்கு ஒரு அவமானமும் இல்லை என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஜனங்களுக்கு வலியைப் பொறுத்துக்கொள்ளத் தெரியும், மாட்டேன் என்று சொல்லத்தான் தெரியாது. சொல்லாமல் விட்டால் அவர்கள் சாகிறவரைக்கும் உங்களுக்காக நடிப்பார்கள்.

புரூல்


சரி-தால்
4 டிசம்பர் 1978

அன்புள்ள புரூல்,

கணவாய் மூன்று நாளாக மூடிக் கிடக்கிறது. இது உனக்கு எப்போது வருமோ தெரியாது. ஆனாலும் உடனே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வெள்ளிக்கிழமை அய்ம்கானை அழைத்துவந்தார்கள். மேல் தெருவில் வசந்தத்தில் கல்யாணமாகி வந்த பெண், புது மருமகள் கட்டுகிற வெள்ளைத் தலைத்துணி, ஆறு மாதக் கர்ப்பம். கன்னம் ஆப்பிள் போல வீங்கியிருக்கிறது. நாலு நாளாகச் சாப்பிடவில்லை, ஜுரம். பல்லை எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் சீழ் கழுத்துக்கு இறங்கும், குழந்தைக்கும் ஆபத்து. ஊசிப் பெட்டியை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் இவளுக்கு இந்த ஊசி போட்டு நாடி விழுந்து, பிழைத்ததே பெரிது என்று அவள் மாமியார் சொன்னாள். பெரிய டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஃப்ரூன்ஸேவுக்கு அனுப்ப வேண்டிய கேஸ்தான், கணவாய் மூடிக் கிடக்கிறதே, நீ என்னத்தைப் படித்துவிட்டு வந்தாய் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். புரூல், எனக்குப் பயமாக இருந்தது. வந்திருப்பது யார்? புருஷன் வீட்டில் குரலை உயர்த்தாத, மாமனார் எதிரே முதுகைத் திருப்பாத, எதற்கும் மாட்டேன் என்று சொல்லாத புது மருமகள். கண் மூடு என்றால் மூடுவாள். வலிக்கிறதா என்றால் இல்லை என்பாள். ஒமுர்சாக் பெரியவரே தேவலை.

முதலில் மாமியாரை வெளியே போகச் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது அவளுக்கு. தாழ்வாரத்தில் நின்று இந்தக் காலத்து டாக்டர்களைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கோட்டைக் கழற்றினேன். கட்டை ஸ்டூலைப் போட்டு அய்ம்கானைவிடத் தாழ்வாக உட்கார்ந்தேன். அவள் உடனே எழுந்துகொண்டாள், டாக்டர் கீழே உட்கார்ந்தால் தான் எப்படி நாற்காலியில் இருப்பது என்று. அதற்கே பாதி நேரம் போயிற்று.

பிறகு குதிரைக் குரலில் பேசினேன். எனக்கே கூச்சமாக இருந்தது. நீ தூங்க வேண்டாம், எதையும் செய்ய வேண்டாம், நான் சும்மா பேசிக்கொண்டிருப்பேன் என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, அவள் கண்ணை மூடிவிட்டாள். பழைய ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

“எனக்காக மூடியிருந்தா தொறந்துடும்மா” என்றேன்.

திறந்தாள். மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி சிரித்தாள். வீங்கிய கன்னத்தோடு சிரித்ததில் வலித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்று சொன்னேன். “வலிச்சா விரலத் தூக்கு. தூக்கினா நிறுத்திடுவேன். பத்து வாட்டி தூக்கினாலும் நிறுத்துவேன். தூக்காம வலியத் தாங்கிக்கிட்டன்னு தெரிஞ்சுது, எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போயிடும்.” வேறு வழி தெரியவில்லை எனக்கு. என்னைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்கிற அந்தக் குணத்தையே திருப்பிப் போட்டேன். அது நியாயமா என்று இப்போதும் தெரியவில்லை.

என்னென்னவோ பேசினேன். அடுப்பு எரிகிறது, வெளியே பனி பெய்கிறது, தாடை பனியில் புதைந்து கிடக்கிற கல் மாதிரி குளிர்ந்துபோகிறது என்று. எப்போது கண்ணை மூடினாள் என்று நான் கவனிக்கவில்லை. இடுக்கியை வைத்தேன். விரல் எழுந்தது.

நிறுத்திவிட்டேன். இடுக்கியைத் தட்டில் போட்டேன். இத்தனை மாதத்தில் ஒருவர் என்னிடம் வலிக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவாயா? மறுபடியும் பேசினேன், மறுபடியும் வைத்தேன், மறுபடியும் விரல். மூன்றாவது தடவை விரல் மடியிலேயே கிடந்தது. பல் வந்துவிட்டது, சீழும் வந்துவிட்டது. நாடி ஒழுங்காக இருந்தது.

கண்ணைத் திறந்தவளிடம் தூங்கினாயா என்று கேட்டேன். இல்லையே, எல்லாம் கேட்டது, வெளியே அத்தை திட்டுவதுகூடக் கேட்டது என்றாள். அப்புறம் சொன்னாள்: “ஆனா அந்தப் பல்லு என்னோடது இல்லங்கற மாதிரி இருந்துது அண்ணே.”

இதற்கு என்ன பெயர்? தூக்கமா, விழிப்பா? பேராசிரியரின் பாடப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிச்சம். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவை விரல் தூக்கியவள் மூன்றாவது தடவை தூக்கவில்லை என்றால் அதை நம்பலாம். மறுநாள் சூப் குடித்தாள் என்று அந்த மாமியாரே வந்து சொல்லிவிட்டுப் போனாள். என்னோடு பேச மாட்டேன் என்ற கோபத்தோடு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

புரூல், நான் உன்னிடம் எப்போது வருவாய் என்று இனிக் கேட்கப்போவதில்லை. அந்த வேலையில் சேர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் கையெழுத்துப் போடு. என் முகத்துக்காக எதுவும் செய்யாதே. இது உன்னை அனுப்பிவைக்கிற பேச்சு இல்லை. எனக்கு வேறு விதமாக எழுத வரவில்லை. அங்கே உனக்கு எப்படி இருக்கிறது? அதை மட்டும் கேட்கிறேன்.

தெமிர்குல்


ஃப்ரூன்ஸே
11 டிசம்பர் 1978

அன்புள்ள தெமிர்குல்,

அய்ம்கான் பற்றிய பக்கத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், “ஒன் புருஷன் இவ்வளவு பேசுவாரா?” என்றாள். எனக்கும் தெரியாது என்றேன்.

இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நல்லா இருக்கிறது. சாயங்காலம் தெருவில் வெளிச்சம் இருக்கிறது, யாருடனும் பேசாமல் நடக்கலாம். நூலகத்தில் நான் படிக்காத தேசப்படங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ராத்திரி படுத்தால் நீங்கள் தனியாக ரொட்டியும் தேநீருமாகச் சாப்பிட்டுப் படுத்திருப்பீர்கள் என்று நினைப்பு வருகிறது, அப்போது நல்லா இல்லை. காலையில் மறுபடியும் நல்லா இருக்கிறது. நான் என்ன பெண் என்று எனக்கே புரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேற்று.

சரி-தாலுக்குத் திரும்பி வரமாட்டேன். அன்றைக்குச் சொன்னது உண்மை, தூக்கமோ நடிப்போ அது உண்மை. அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. இரண்டு வருஷம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ஆனால் ஊருக்கு வரமாட்டேன் என்று சொன்னதை, உங்களை வேண்டாம் என்று சொன்னதாக நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். அதை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களை வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, தெமிர்குல்.

இங்கே பல் டாக்டர்கள் தேவைப்படுகிறார்கள் என்று அக்கா சொல்கிறாள். நீங்கள் வாருங்கள்.

புரூல்


சரி-தால்
19 டிசம்பர் 1978

அன்புள்ள புரூல்,

இதை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு. பாதியில் கோபப்படாதே.

உன் கடிதம் வந்த அன்றைக்கே மாற்றல் கேட்டு மனு எழுதினேன். பெரிய டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் படித்துவிட்டு, நிஜமாகவே போக விரும்புகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சட்டென்று, ஒரு நொடி யோசிக்காமல். கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புகிறேன் என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அய்ம்கான் விஷயம் மேல் தெருவெல்லாம் பரவி, விரல் தூக்கலாமாமே என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒமுர்சாக் பெரியவரும் இருந்தார், அந்த ஆடுகிற பல்லோடு. அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, அதே பேச்சைப் பேசினேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, விரலை நட்டுக் காட்டி, “தூக்கமும் வரல, ஒன்னும் வரல. நீ ஊசியே போட்ரு” என்றார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பெட்டியில் மிச்சமிருந்த ஊசியில் ஒன்றைப் போட்டேன்.

அவர் போன பிறகு நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் நான் சொன்ன ஆமாம் எந்த ஆமாம்? உனக்காக மூடிய கண்ணா? நீ கூப்பிட்டாய், வரமாட்டேன் என்றால் உன் முகம் வாடும், அதனால் ஆமாம். ஃப்ரூன்ஸேவுக்கு வந்து ஒரு வருஷம் சந்தோஷமாக நடிப்பேன், புரூல், எனக்குத் தெரியும். இரண்டாம் வருஷம் சூப் ஆறுகிற நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. யோசித்தால் பயமாக இருக்கிறது.

திரும்பிப் போய் மனுவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு இங்கே இருக்க வேண்டும். இப்போதுதான் எனக்குக் கை வருகிறது, இந்த ஜனங்கள் இப்போதுதான் என்னிடம் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு நீயும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். எதை விடுவது என்று தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுதினால் அது பொய்.

இதற்கு நீ என்ன சொன்னாலும் சரி, என்னைப் பாவம் பார்த்து மட்டும் சொல்லாதே.

தெமிர்குல்


ஃப்ரூன்ஸே
25 டிசம்பர் 1978

தெமிர்குல்,

முழுக்கப் படித்துவிட்டேன். கோபம் வருகிறது. கூப்பிட்டு ஒரு வாரத்தில் வரமாட்டேன் என்று எழுதுகிற புருஷனை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்களா? என்னைக் கேட்காமல் கொடுத்தீர்கள், என்னைக் கேட்காமல் வாங்கிக்கொண்டீர்கள். கல்யாணமான நாள் முதல் எனக்கு உங்கள் மேல் இவ்வளவு கோபம் வந்ததில்லை. அக்கா முன்னால் தட்டை உடைத்தேன். தெரியாமல் கை பட்டு உடைந்தது இல்லை, வேண்டுமென்றே போட்டு உடைத்தேன். அக்கா பயந்துபோய், நீ இப்படியெல்லாம் செய்யமாட்டாயே என்றாள்.

அப்புறம் கடிதத்தை மறுபடியும் படித்தேன். உங்களுக்கு எது வேண்டும் என்று நீங்கள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது. நீங்கள் அங்கே, நான் இங்கே, நடுவில் ஒரு கணவாய். வாரத்தில் பாதி நாள் அது மூடிக் கிடக்கிறது. இதை எழுதி எழுதித் தீர்க்க முடியாது. நான் ஒன்று எழுதி, அது உங்களிடம் வந்து, நீங்கள் யோசித்து எழுதி அது திரும்பி வருவதற்குள் என் கோபம் ஆறிவிடுகிறது. ஆறிய பிறகு நான் நல்ல பெண்ணாக எழுதிவிடுகிறேன். எனக்கு அது வேண்டாம்.

புது வேலை பள்ளிக்கூடக் குளிர்கால லீவு முடிந்துதான். முப்பதாம் தேதி கிளம்புகிறேன். ஜோல்டோஷ் அண்ணன் லாரியில் எனக்கு இடம் சொல்லிவிட்டேன். பத்து நாள். தங்க வரவில்லை, உங்களைச் சமாதானப்படுத்தவும் வரவில்லை. உங்கள் எதிரே உட்கார்ந்து சண்டை போட வருகிறேன். கறி வாங்கி வையுங்கள், வீட்டைச் சூடாக வையுங்கள்.

புரூல்